பஞ்சநாதன் என்றொரு கல்

சிதம்பரம்
12.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

தீபிகா எழுதுவது. போன் செய்தால் எடுக்கிறாய், என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறாய். பூவரசன் சித்தப்பா போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே கதிதான். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் கிழிக்கும்போது இரண்டு வரியாவது உன் கண்ணில் படும். அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய சண்டையைத் தொடப் போவதில்லை. அப்பா இறந்துவிட்டதாகச் சான்றிதழ் கேட்டு எழுதிய மனுவில் சித்தப்பாவோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே என் துணிமணிகளை வாசலில் வைத்தாய். சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றைக்கே இரண்டு பேரும் சொல்லித் தீர்த்துவிட்டோம்.

இது வேறு விஷயம். ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் வானத்துப் படங்களைப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே இடத்தைக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் விட்டு எடுத்த படங்கள். நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நகரும். அப்படி ஒரு புள்ளியை நான் பிடித்தேன். அது சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கல். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்: "எல்லாம் வலையில மீன் புடிக்குதுங்க, எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கல்லு புடிக்கிறா." அந்த வருஷம் கார்த்திகைப் புயலில்தான் அவர் போன படகு திரும்பவில்லை.

அந்தக் கல்லுக்கு இத்தனை நாள் ஒரு தற்காலிக அடையாளம்தான் இருந்தது. பார்த்த வருஷம், பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. முதல் எழுத்து எந்த மாதத்து எந்தப் பாதியில் பார்த்தோம் என்று காட்டும், அவ்வளவுதான். இப்போது நிரந்தரமாக ஓர் எண் கொடுத்துவிட்டார்கள். எண் வந்தால் பெயர் வைக்கலாம். என்ன பெயர் என்று சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருடையது, அதாவது என்னுடையது.

அப்பா பெயரை வைக்கப் போகிறேன். அவர் யார் என்று இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷம் போட வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு வருஷம் இருக்கிறது, ஆதாரில் ஒரு வருஷம் இருக்கிறது. எது சரி?

இன்னொரு வருஷமும் போடுவது வழக்கம். அதை உன்னைக் கேட்காமல் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் மகள்,
தீபிகா


சோனாங்குப்பம்
19.1.2025

தீபிகாவுக்கு,

கிழிக்கவில்லை, முழுசாகப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். நம் தெருவில் ஆள் செத்தால் என்ன செய்வார்கள் என்று நீ பார்க்காததா? கல் ஊன்றுவார்கள். அந்தக் கல்லைச் செத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எண்ணெய் வைத்து, பால் ஊற்றி, அதற்கு முன்னால் சோறு போட்டு அழுவார்கள். கருமாதி அன்றைக்குத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். உன் அப்பாவோடு அதே படகில் போன சாமிக்கண்ணுவுக்கு அவர் பொண்டாட்டி மங்கலம் ஊன்றினாள். என்னையும் கூட உட்காரச் சொன்னார்கள். "தனம், ஒடம்பு கெடைக்கலன்னா என்னாடி, கல்லு ஊணிட்டா மனசு அடங்கிடும்" என்றார்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இந்தத் தெரு என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. கழுத்தில் தாலி கிடக்கிறது, நெற்றியில் பொட்டு இருக்கிறது, கூப்பிட்டால் நான் கல்யாண வீட்டுக்கும் போவேன். ஆரத்தி எடுக்கிறவர்கள் பக்கம் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். என்னை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சேர்க்கவும் வேண்டாம்.

பூமியில் நான் ஊன்ற மாட்டேன் என்று சொன்ன கல்லை நீ வானத்தில் கொண்டுபோய் ஊன்றப் பார்க்கிறாய். உயிரோடு இருக்கிற மனுஷன் பெயரை எந்தப் பெண்ணாவது கல்லுக்கு வைப்பாளா?

பிறந்த வருஷம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஐஸ் வண்டி வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போக வேண்டும்.

தனம்


சிதம்பரம்
26.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ பதில் போட்டதே பெரிய விஷயம். திட்டியதையும் இரண்டு தடவை படித்தேன். ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற திட்டு.

அம்மா, இது அந்தக் கல் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் பெயரும் நிறைய வைத்திருக்கிறார்கள். முதலில் கண்டுபிடித்ததற்குத் தானியங்களின் தெய்வம் ஒருத்தியின் பெயர். கொஞ்ச காலம் தெய்வங்களாகவே வைத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் கல் கிடைக்கத் தொடங்கியதும் தெய்வங்கள் போதவில்லை. பிறகு ஊர், ஆறு, பாட்டுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று வந்துவிட்டது. ஒருத்தர் தம் வீட்டுப் பூனையின் பெயரையே வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வளர்ப்புப் பிராணிகள் பெயர் வேண்டாம் என்று சொன்னார்கள். பெயர் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், கடை விளம்பரமாக இருக்கக் கூடாது. அரசியல்வாதியோ படைத்தலைவரோ என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். என் பெயரை நானே வைத்துக்கொள்வது அழகில்லை. அப்பாவுக்கு இதில் எந்தத் தடையும் இல்லை. இங்கிலீஷில் எழுதினாலும் அவர் பெயர் பன்னிரண்டு எழுத்துதான்.

நான் பார்த்த பிறகு அந்தக் கல் காணாமல் போய்விட்டது. சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் இங்கிருந்து பார்க்க முடியாது. பாதை சரியாகத் தெரியாததைப் பிறகு தேடுவதும் கஷ்டம், எத்தனையோ கற்களை அப்படித் தொலைத்திருக்கிறார்கள். இது வேறு வேறு நாட்டுத் தொலைநோக்கிகளில் மறுபடி மறுபடி மாட்டியது. இனி எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம், தொலையாது என்று உறுதியான பிறகுதான் எண் கொடுத்தார்கள்.

பெயர் சொல்ல எனக்குப் பத்து வருஷம் அவகாசம் உண்டு. ஆனால் என்னால் அத்தனை நாள் முடியாது அம்மா. அப்பா பெயர் எங்கேயுமே இல்லை. மாலை போட்ட படமும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. எங்கேயாவது ஓரிடத்தில் அது இருக்க வேண்டும்.

தீபிகா


சோனாங்குப்பம்
9.2.2025

தீபிக்கு,

நீ எழுதியதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். காணாமல் போய்த் திரும்பி வந்ததற்குத்தான் நம்பரே கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் நான் அப்படித் திட்டியிருப்பேனா?

மங்கலத்திடம் சொன்னேன். "வருஷக்கணக்கா காணாம இருந்துட்டு வந்துச்சாமே" என்றேன். அவள் கொடுவா மீனைத் திருப்பித் திருப்பிச் செதில் எடுத்துக்கொண்டே இருந்தாள். பொறாமை. அவசரப்பட்டு ஊன்றிவிட்டோமே என்று அவளுக்கு உள்ளே அரிக்கும்.

வியாழக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போய்வந்தேன். கடலுக்கடியில் போன பூமியையே தூக்கிக்கொண்டு வந்த சாமி, ஒரு மனுஷனைத் தூக்கித் தர மாட்டாரா என்று பூவராகரிடமே நேராகக் கேட்டுவிட்டு வந்தேன். ஆந்திரா பக்கம் ஓர் ஆசிரமத்தில் பேச்சு வராத தமிழ்க்காரர் ஒருவர் இருக்கிறாராம். கரையில் கிடந்தவராம். துறைமுகத்தில் லாரிக்காரர் சொன்னார். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

பெயரை வை. 1974, ஆனி மாதம். ஆதாரில் இருப்பது தப்பு. பிறந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்.

அம்மா


சிதம்பரம்
14.2.2025

அம்மா,

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். உனக்குப் புரியட்டும் என்று எழுதப் போய் இப்படி ஆகிவிட்டது.

கல் திரும்பி வந்தது அதன் இஷ்டத்தில் இல்லை. சூரியனை விட்டுப் போக அதற்கு வேறு வழி கிடையாது. நாம் தொலைத்தோம், நாமே தேடி எடுத்தோம். அது பாட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. அப்பா அப்படி இல்லை. அவருக்கு இஷ்டம் இருந்தது. வர முடிந்திருந்தால் நீந்தியாவது அன்றைக்கே வந்திருப்பார். உன்னை விட்டு, என்னை விட்டு எங்கோ ஓர் ஆசிரமத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற ஆளா அவர்?

படகின் பலகை நம்பரோடு பரங்கிப்பேட்டையில் ஒதுங்கியது. நீயும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். நீ அதைத் தொடவில்லை, நான் தொட்டேன்.

இங்கே நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், மேல வீதியில் நான் இருக்கும் மாடி வீட்டில், எல்லோரும் கேட்கிறார்கள். "அப்பா என்ன பண்றாரும்மா?" என்கிறார்கள். "கடலுக்குப் போயிருக்காரு" என்கிறேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. சக டீச்சர் ஒருத்தி அவள் அப்பா திதிக்கு லீவு போட்டாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அழுவதற்கு அவளுக்கு ஒரு நாள் இருக்கிறது. எனக்கு அதுகூட இல்லை. நான் எந்த நாளில் அழுதாலும் நீ என்னைத் துரோகி என்பாய்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். இரண்டு வருஷத்தையும் எழுத விடு. ஆந்திராவுக்குப் போகாதே.

தீபிகா


சோனாங்குப்பம்
2.3.2025

தீபிகாவுக்கு,

போய்விட்டு வந்தேன்.

அவர் வேறு யாரோ. வாசலிலேயே தெரிந்துவிட்டது. உயரமே சரியில்லை. இருந்தாலும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துப் பார்த்தேன். வலை இழுத்த கைதான். காய்ப்பு அப்படியே இருந்தது. அவர் என் கையை விடவில்லை. யாரோ ஒருத்தி இவருக்காக எங்கேயோ காத்துக்கொண்டிருப்பாள். சித்தப்பா, "அண்ணி, வாங்க போவலாம், இது நம்மாளு இல்ல" என்று சொல்லிச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது, இவரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். என் புத்தி அந்த அளவுக்குப் போய்விட்டது.

உனக்குச் சந்தோஷம்தானே.

நீ பெரிய படிப்பு படித்தவள். இஷ்டம், பாதை என்றெல்லாம் எழுதுகிறாய். எனக்கு ஒன்றுதான் தெரியும். நானும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் ஆளே கிடையாது. தம்பி கையெழுத்துப் போட்டாச்சு, பெற்ற பெண் போட்டாச்சு. நான் ஒருத்திதான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நானும் கையை விட்டால் அவர் போய்விடுவார்.

அந்த வருஷத்தை எழுதுவதாக இருந்தால், பக்கத்தில் எனக்கும் சேர்த்து எழுதிவிடு. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன்.

தனம்


சிதம்பரம்
6.3.2025

அம்மா,

உன் கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக உன் புடவை தெரிந்தது. நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் திரும்பினேன். இனி உன் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்று மங்கலம் அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: பஞ்சநாதன், பிறப்பு 1974, கடலூர்க் கரையைச் சேர்ந்த மீனவர், கண்டுபிடித்தவரின் தந்தை, மகள் பிடித்த கல்லைப் பற்றித் தெருவெல்லாம் சொன்னவர். இன்னொரு வருஷம் இல்லை.

பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு பார்க்கும். வேறு எதனுடைய பெயரோடும் குழம்புகிறதா, தப்பான அர்த்தம் வருகிறதா என்று பார்த்து ஓட்டுப் போடுவார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஏற்றுக்கொண்டால் அவர்கள் அறிக்கையில் வரும். வந்தபின் உலகத்துக்கு அதுதான் பெயர்.

நீ ஜெயித்துவிட்டாய். எனக்கு ஒரு அம்மாதான் இருக்கிறாள். இனிமேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

தீபிகா


சோனாங்குப்பம்
25.7.2025

என் தீபிக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மூன்று தாளை வீணாக்கிவிட்டேன். போனில் சொல்ல நாக்கு எழவில்லை.

நேற்று ஆடி அமாவாசை. கடற்கரையில் உன் அப்பாவுக்குக் கல் ஊன்றினோம். சித்தப்பா செய்தார். மங்கலம் என்னைப் பிடித்துக்கொண்டாள். தாலியை அவள்தான் கழற்றினாள். "நானே கழட்டுறன்டி, வேற யாரும் ஒன்னத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். கல்லை அன்றைக்கே கடலில் விட்டுவிட்டோம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்திருந்தால் அவர் முகம் தெரிந்திருக்கும். மறுபடியும் எழுந்து வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

என்ன நடந்தது என்றால், நீ விட்டுக்கொடுத்துவிட்டாய். அதுதான் நடந்தது. நீ அவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்லத்தான் எனக்கு இருக்கிறார் என்று சொல்ல வந்தது. நீ வாயை மூடிக்கொண்டதும் எனக்குச் சண்டை போட ஆளில்லை. மீன் விற்கும்போது, குழம்பு கூட்டும்போது, நீ சொன்னதெல்லாம் என் வாயிலேயே வர ஆரம்பித்தது. நீந்தியாவது வந்திருப்பார் என்று எழுதினாயே. அது சத்தியமான வார்த்தை. அவர் அப்படித்தான். எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் எட்டு மணிக்கு வருகிற ஆள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழுவுக்கு எழுதி இன்னொரு வருஷத்தையும் போடச் சொல். 2018. நானே எழுதிவிட்டேன், பார். கீழே ஒரு பேச்சு, மேலே ஒரு பேச்சு என்று அவர் அலைய வேண்டாம்.

அம்மா


சிதம்பரம்
25.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்துவிட்டது.

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். அறிக்கையில் நம்பரும் பக்கத்தில் பஞ்சநாதன் என்றும் இருக்கிறது. 1974 மட்டும்தான். நீ கேட்டபடியே. இந்தப் பெயர் இனி மாறாது. நான் போன பிறகும், என் பிள்ளைகள் போன பிறகும் இதே பெயர்தான். யார் படித்தாலும் கடலூரில் பஞ்சநாதன் என்று ஒருவர் இருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

அனுப்பிய அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. படிக்கும்போது ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன் அம்மா. அந்த ஒரு நிமிஷத்தில் நீ இத்தனை வருஷமாக எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே இரு. நான் இனி உன்னை இழுக்க மாட்டேன்.

அச்செடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். மங்கலம் அத்தை மகளிடம் கொடுத்தால் தமிழில் படித்துச் சொல்வாள்.

தீபிகா


சோனாங்குப்பம்
30.7.2025

தீபிக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையதை நீ படித்திருப்பாய். படித்துவிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய். அழாதே. நீ செய்ததில் தப்பே இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தாய்.

மங்கலத்தின் மகள் படித்தாள். "செத்த வருஷம் போடல, அதனால உசுரோட இருக்கிறவருன்னுதான் அர்த்தம் அத்தை" என்றாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. மங்கலம் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

இத்தனை வருஷம் கழித்து, என்னை நானே அறுத்துக்கொண்டு, இல்லை என்று ஒத்துக்கொண்டேன். வெறும் கழுத்தைத் தடவித் தடவிப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே உலகத்தில் உள்ள படித்தவர்கள் எல்லாம் கூடி, இருக்கிறார் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முந்தாநாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். மீட்டர் பார்க்க வந்தவர். நேற்று சாயங்காலம் உலையில் அரிசி கூடப் போட்டுவிட்டேன். வடித்த பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது தீபி. இன்னொரு தடவை என்னால் முடியாது.

மாற்றச் சொல்லி யாருக்கும் எழுதாதே. மேலே அவர் இருக்கட்டும். உனக்கு அங்கே ஒரு அப்பா இருக்கட்டும். ஆனால் இங்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செத்துவிட்டார் என்று தினம் ஒரு தடவை சொல்ல ஆள் வேண்டும். ஊரில் யார் சொன்னாலும் ஏறவில்லை. நீ சொன்னால்தான் நான் நம்புவேன். அன்றைக்கு நீ சொன்னபோதே நம்பிவிட்டேன், அதனால்தான் உன் துணியைத் தூக்கி வெளியே வைத்தேன்.

லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பி வா. வந்ததும் வேறு எதுவும் பேச வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடு.

உன் அம்மா